கட்டிலுக்கு அடியில் நாலு கண்ணாடி

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு எதிர்வீட்டு டீச்சர் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுப் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. சத்தத்துக்குப் பால் பொங்குமா என்று கேட்காதீர்கள். பாலை வைத்துவிட்டு நான் ஜன்னலுக்கு ஓடிவிட்டேன், அவ்வளவுதான்.

“கைப்பிடி எங்க? என் கார்ல கண்ணாடி இறக்குற கைப்பிடி எங்கங்க?”

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினோரு வருஷம் இன்னொருத்தருடைய டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்கு இருந்தாள். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் வித்தியாசம் தெரியாத எத்தனையோ பெண்களை ரோட்டில் தனியாக ஓட வைத்தவள். போன மாசம்தான் வேலையை விட்டாள். “ஒரு மாசத்துல திரும்பி வந்து இதே வாசல்ல நிப்பே” என்று முதலாளி வாழ்த்தி அனுப்பினாராம். அவள் நேராகப் போய் ஒரு பழைய சின்னக் காரைத் தன் பேரில் வாங்கினாள். தன் பேரிலேயே போர்டு எழுதக் கொடுத்தாள். எட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். முதல் பேர் என்னுடையது. இந்த வயதில் உனக்கு எதற்கு என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். நாலு தெரு தள்ளி என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா?

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. வண்டிகளைச் சோதிக்கிற ஆபீஸில் அதிகாரி இந்தக் காரைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் போர்டு மாட்டக்கூடாது. திங்கட்கிழமை என்று கொடுத்திருந்த தேதியை ஆபீஸ்காரர்கள் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றிவிட்டார்கள். தங்கைக்குப் பிரசவம் என்று நாலு நாள் வெளியூர் போயிருந்தவளுக்கு வெள்ளி சாயங்காலம்தான் தகவல் வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினாள். கார் மேல் போட்டிருந்த உறையை உருவினாள். அப்புறம்தான் அந்தச் சத்தம்.

அவள் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர். கைத்தொழிலில் அப்படி ஒரு சுத்தம். குடிப்பழக்கம் இல்லை, சீட்டு இல்லை, ஒரே பைத்தியம் மைலேஜ். ஒரு லிட்டரில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று வருஷத்துக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். போன வருஷம் யாருடைய காரையோ கேட்டு வாங்கிப் போய் இரண்டாவதாக வந்தார். நானூறு மீட்டரில் முதல் பரிசு போயிற்று. அன்றிலிருந்து மனிதர் எதைப் பார்த்தாலும் கையில் எடுத்து எடை பார்ப்பார். பெண்டாட்டி கார் வாங்கியதும் அவளைவிட அவருக்குத்தான் சந்தோஷம். தரைவிரிப்பைக் கழற்றினார். ஜாக்கியைக் கழற்றினார். சாவிக்கொத்திலிருந்த பொம்மையைக் கூடக் கழற்றினார். தெருவில் அவருக்கு ‘கிராம் சார்’ என்று பேரே வந்துவிட்டது. ஒருநாள் டீச்சரிடம், “நீயும் ஒரு நாலு கிலோ குறைச்சேன்னா…” என்று ஆரம்பித்துவிட்டு, இரண்டு நாள் வெளியில் சாப்பிட்டார்.

இந்த வருஷப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. அவள் ஊரில் இல்லாத நாலு நாளில் நாலு கதவிலும் இருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிப் பொருத்திவிட்டார். பொருத்தியிருந்த நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. உறையைத் தூக்கி எனக்குக் காட்டினார். கதவுச் சட்டத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, ஸ்க்ரூ வைத்து, மயிரிழை இடைவெளி இல்லாமல் இறுக்கியிருந்தார்.

ஆமாம், எனக்குத் தெரியும். கழற்றின கண்ணாடி நாலும் பழைய போர்வையில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தன. “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எடுத்து மாட்டிடுவேன்க்கா. அவகிட்ட மட்டும் வேண்டாம்” என்று கெஞ்சினார். கெஞ்சிக்கொண்டே என் மூக்குக்கண்ணாடியை வாங்கி, தொளதொளத்த காதுக்கம்பியை முடுக்கி, மூக்கில் படுகிற இடத்துக்குப் புதுசாக இரண்டு சின்ன மெத்தை போட்டுக் கொடுத்தார். காலையில் என் காதில் விழுந்தது மத்தியானம் தெருமுனைத் தையல்காரர் வரைக்கும் போய்விடும் என்று என்னைப் பற்றிப் பேச்சு. அப்படிப்பட்டவள் நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. வயிறு உப்பிப் போய்விட்டது.

“கோபப்படாம கேளு,” என்றார் கிராம் சார், வாசலில் நின்று. “இது கண்ணாடியை விட உசத்தி. சுத்தியால அடிச்சாலும் உடையாது. எடை பாதி கூட இல்லை.”

“இதை இறக்க முடியுமா?”

“எதுக்கு இறக்கணும்? மூடியே இருந்தாத்தான் காத்து இழுக்காது. மைலேஜ்…”

“இறக்க முடியுமா, முடியாதா?”

“ஸ்க்ரூ போட்டிருக்கு.”

“அப்ப கை சிக்னல்? அந்த அதிகாரி முன்னாடி நான் எப்படிக் காட்டுறது? உள்ளேயிருந்து கத்திக்கிட்டே போகவா, திரும்பறேன், திரும்பறேன், எல்லாரும் ஒதுங்குங்கன்னு?”

“அது திங்கட்கிழமைதானே? அதுக்குள்ள…”

“இன்னிக்கு! இன்னிக்கு ரெண்டு மணிக்கு!”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் வாய் அடங்கவில்லை. “உலகமே பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் படிக்குது. எங்க கடையில நிஜக் கண்ணாடி கேட்டு யாரும் வர்றதில்லை. மூக்கு மேல ஏத்துக்கிட்டாங்க, கார்ல ஏத்துக்க மாட்டாங்களா?”

“மூக்கை யாரும் ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போறதில்லைங்க! என் கண்ணாடி எங்க?”

அவர் கண் நேராக என் ஜன்னலுக்கு வந்தது. ரகசியம் காக்கத் தெரியாத மனிதர்.

அடுத்த நிமிஷம் டீச்சர் என் வீட்டு நடுவில் நின்றாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“நாலு நாளா உங்களுக்குத் தெரியுமா, அக்கா?”

“உங்க புருஷன் பெண்டாட்டி விஷயத்துல நான் எதுக்கும்மா…”

“என்னிக்கு நீங்க எங்க விஷயத்துல தலையிடாம இருந்தீங்க? எங்க வீட்டுக்கு யார் வந்தா, என்ன வாங்கினோம், எத்தனை மணிக்கு விளக்கை அணைச்சோம், எல்லாம் உங்களுக்கு வேணும். ஒரு போன் பண்ண வேண்டிய அன்னிக்கு மட்டும் பெரிய மனுஷத்தனம் வந்துருச்சாக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. நான் குனிந்து போர்வையை வெளியே இழுத்தேன். நாலு கண்ணாடியும் கீறல் இல்லாமல் இருந்தன. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

“சரி, இப்ப மாட்டுங்க,” என்றாள் வாசலில் நின்றவரிடம். “கண்ணாடியை ஏத்தி இறக்குற மெஷின் எங்க? கதவுக்குள்ள இருக்குமே, அது?”

கிராம் சார் தரையைப் பார்த்தார். “அது ஒவ்வொண்ணும் ஒண்ணரை கிலோ.”

“எங்க?”

“புதன்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தார்.”

அதற்கப்புறம் கத்தல் இல்லை. கத்தியிருந்தால்கூட எனக்குப் பயம் இருந்திருக்காது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “நீங்க இரும்புக் கடைக்குப் போங்க. நாலும் கிடைக்காம வராதீங்க. அக்கா, நீங்க என்கூட வாங்க. பின்னாடி உக்காந்து இந்தக் கண்ணாடியை மடியில பிடிச்சுக்கங்க. இன்னிக்கு விட்டா அடுத்த தேதிக்கு மூணு வாரம். அதிகாரிகிட்ட நடந்ததைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கறேன்.”

எங்கள் வீட்டுக்காரருக்குச் சோறு வைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அவர் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது என்று தோன்றிவிட்டது.

சோதனை ஆபீஸில் ஒரு பெரிய வெட்டவெளி. வெள்ளைக் கோடு போட்டு, கம்பம் நட்டு வைத்திருந்தார்கள். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. எங்களுக்கு முன்னால் பதினாலு வண்டி. கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்குவோம். வரிசை நகரும்போது மூடுவோம். மூடினால் உள்ளே வெந்துபோவோம். என் மடியில் நாலு கண்ணாடி, தொடை மரத்துவிட்டது. எடை, எடை என்று அந்த மனிதர் அலறியது எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. புரிந்ததை வெளியில் சொல்லவில்லை.

டீச்சர் போன் போட்டாள். “எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கேன்.”

“எங்கன்னு கேட்டேன்.”

“கடையிலதான். இப்பதான் திறந்தார். மூணு கிடைச்சிருச்சு. நாலாவதைக் குவியலுக்கு அடியில தேடறோம்.”

ஒன்றரை மணி வாக்கில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ‘டிக்’. என்னடா என்று பார்த்தால், டீச்சர் பக்கத்து ஷீட் வெளியே வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. வயிறு முட்டத் தின்றவன் சட்டைப் பித்தான் மாதிரி ஸ்க்ரூ ஒவ்வொன்றும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல். நாலு கதவிலும் இதே கதை. மேலே வழவழவென்று அழகாக வந்த வேலை, வெயில் பட்டதும் முனகிக்கொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தபோது இரண்டே முக்கால். அதிகாரி மெலிந்த மனிதர், வேர்வையில் நனைந்த காலர், கையில் அட்டையில் செருகின ஃபாரம். வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். விளக்கைப் போடச் சொன்னார். பின் கதவில் விரல் முட்டியால் தட்டினார். ‘டொப்’ என்றது. இன்னொரு முறை தட்டினார். குனிந்து கண்ணாடி மூலையில் இருக்க வேண்டிய கம்பெனி முத்திரையைத் தேடினார்.

“என்னம்மா இது?”

டீச்சர் மறைக்கவில்லை. வீட்டுக்காரர், போட்டி, இரும்புக் கடை, எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். எனக்கென்றால் அதைச் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும். நான் பின்னாலிருந்து மடியைத் தூக்கிக் காட்டினேன். “இதோ சார், ஒரிஜினல்! நாலும் பத்திரமா இருக்கு!”

“கதவுல இருக்கணும்மா. மடியில இல்லை,” என்றார். ஆனாலும் நல்ல மனிதர்தான். “சரி, ஓட்டுறதையாவது பார்த்துடறேன். அதுக்கு ஃபாரத்துல தனிப் பக்கம்” என்று முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

அவள் ஓட்டினாள். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் ஓட்டுகிறவர்களைப் பார்த்துக் குறை சொல்ல நன்றாகத் தெரியும். ஒரு குறை இல்லை. கம்பங்களுக்கு நடுவில் பின்னால் எடுத்தாள், ஒன்றுகூட அசையவில்லை. அதிகாரி பேனாவால் ஃபாரத்தில் டிக், டிக் என்று போட்டுக்கொண்டே வந்தார். “இப்ப வலது பக்கம் திரும்பணும். கை சிக்னல் காட்டுங்க.”

டீச்சர் வண்டியை நிறுத்தினாள். பக்கத்தில் வயிறு தள்ளிக்கொண்டு நின்ற அந்த ஷீட்டைப் பார்த்தாள். இரண்டு கையையும் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளு. விரிசல் ஒரு ஸ்க்ரூவிலிருந்து அடுத்த ஸ்க்ரூவுக்கு ஓடியது. படார் என்று ஓரமெல்லாம் பிய்த்துக்கொண்டு ஷீட் வெளியே போய் விழுந்தது. விழுந்து, துள்ளி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. உடையாது என்று கிராம் சார் சொன்னது பொய்யில்லை. உடையவில்லை, கிளம்பிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அவள் கையை வெளியே நீட்டினாள். தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும் ஒரே கோடு. எதிரில் நாலு லாரி வந்திருந்தாலும் அந்தக் கையைப் பார்த்து நின்றிருக்கும். திரும்பினாள், நேராக்கினாள், நிறுத்தினாள்.

அதிகாரி ஃபாரத்தில் கடைசி டிக்கைப் போட்டார். “ஓட்டுறதுக்கு நூத்துக்கு நூறு. வண்டிக்கு என்னால போட முடியாது. அஞ்சு மணிக்கு ரூமைப் பூட்டுவேன். அதுக்குள்ள நாலு கதவுலயும் கண்ணாடி ஏறி இறங்கினா கூப்பிடுங்க.”

ஆபீஸ் வாசலுக்கு எதிரிலேயே தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. இந்த மாதிரி கடைசி நேரத்துக்காரர்களை நம்பியே நடக்கிற பட்டறை என்று பார்த்தாலே தெரிந்தது. மெக்கானிக் கதவின் உள்பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கிராம் சார் தோளில் சாக்குமூட்டையோடு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்கத் துரு. முகத்தில் கிரீஸ். மூன்று மெஷின் ஒழுங்காக இருந்தது. நாலாவது நசுங்கி, பல் மழுங்கிக் கிடந்தது.

மெக்கானிக் ஷீட்டைக் கழற்றிக் கையில் வைத்து ஓட்டைகளைப் பார்த்தார். “யார் போட்டது இது?”

“நான்தான்,” என்றார் கிராம் சார், அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக. “ஃப்ரேம் இல்லாத மூக்குக்கண்ணாடிக்கு இப்படித்தான் பொருத்துவோம். கொஞ்சம் லூஸா விட்டாலும் ஆடும்.”

“சார், பிளாஸ்டிக் வெயில்ல நீளும். ஸ்க்ரூவை விட ஓட்டை பெருசா இருக்கணும், அது நகர இடம் வேணும். நீங்க கழுத்தை நெரிச்சு வெச்சிருக்கீங்க. மூக்கு மேல இருக்கறது ரெண்டு விரல் அகலம், அது நீண்டா யாருக்குத் தெரியும்? இது கதவு சார்.”

கிராம் சாருக்கு அது உறைத்துவிட்டது. பாவம், தொழில் தெரிந்தவர் அல்லவா. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் குனிந்தார். “நானும் ஒரு கை…”

“தொடாதீங்க,” என்றாள் டீச்சர்.

ஒரே ஒரு வார்த்தை. அவர் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

முதல் கதவு நாலு மணிக்கு முடிந்தது. இரண்டாவது நாலு இருபது. மூன்றாவது நாலு நாற்பது. அவள் ஒரு கையில் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் மெக்கானிக் கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததைக்கூட நான் சொல்லித்தான் பார்த்தாள். நாலாவதன் மழுங்கிய பல்லை மெக்கானிக் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நாலு ஐம்பத்தைந்துக்கு அதை மாட்டிச் சுற்றினார். பாதி ஏறியது. “போங்கம்மா, போய்க் காட்டுங்க, ஏறினாலும் ஏறிடும்” என்றார்.

அதிகாரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தார். ஒவ்வொரு கைப்பிடியாகச் சுற்றினார். முதல் கண்ணாடி இறங்கி ஏறியது. இரண்டாவதும். மூன்றாவதும். நாலாவது இறங்கியது. ஏறவில்லை. அவர் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். கதவுக்குள்ளே கரகரவென்று ஏதோ அரைபட்டது. நான் கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

“மூணு வாரம்மா,” என்றார் அவர். “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

அவள் கெஞ்சவில்லை. “காரணம் என்னன்னு எழுதுவீங்க, சார்?”

“கண்ணாடி சரியில்லைன்னு.”

“இல்லை சார். கண்ணாடி சரியாத்தான் இருந்துச்சு. வீட்டுல கழட்டினதுன்னு எழுதுங்க.”

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். வாசலில் துருச்சட்டையோடு நின்றவரை ஒரு முறை பார்த்தார். அப்படியே எழுதிக் கொடுத்தார்.

வீடு வந்து சேர்கிற வரைக்கும் மூன்று பேரும் பேசவில்லை. நான் முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்தேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டியை நிறுத்தியதும் கிராம் சார்தான் ஆரம்பித்தார். “எட்டு பேருக்கும் போன் பண்ணி, கொஞ்சம் தள்ளிப் போகுதுன்னு சொல்லிடலாம். என்ன இப்ப, மூணு வாரம்தானே…”

“மூணு வாரம்தானேவா?” அவள் கதவை அறைந்தாள். மாட்டின கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. “நானூறு மீட்டர்ல தோத்ததுக்கு நீங்க ஒரு வருஷம் தூங்கலை. நான் அஞ்சு நிமிஷத்துல தோத்திருக்கேன். எனக்கு எத்தனை வருஷம் கொடுப்பீங்க? அந்த முதலாளி காதுக்கு இது நாளைக்கே போகும். போர்டு மாட்டறதுக்கு முன்னாடியே விழுந்துட்டாள்னு சிரிப்பார். என் கார். என் பேரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலை உங்களுக்கு. என்ன எடை இருந்திருக்கும் அந்த ஒரு வார்த்தை?”

தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் திறந்திருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“போன் வேண்டாம். எட்டு வீட்டுக்கும் நீங்க நேர்ல போங்க. என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. வண்டி ரிப்பேருன்னு சொன்னீங்கன்னு தெரிஞ்சுது… நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆரம்பிங்க.”

“எட்டு மணிக்கா? எட்டு மணிக்குப் போட்டி…” என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது புத்திசாலித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. முதல் பேர் என்னுடையது என்பதால் முதலில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். துவைத்த சட்டை, படிய வாரின தலை. கேட்டுக்குப் பக்கத்தில் டீச்சர், சேர்ந்த எட்டுப் பெண்களின் பேர் எழுதின நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள்.

“அக்கா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே,” என்றார் தணிந்த குரலில்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லுங்க,” என்றேன். என்னைத் திட்டின திட்டுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

அவர் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். “என் மனைவியைக் கேட்காம அவங்க கார் கண்ணாடியைக் கழட்டிப் பிளாஸ்டிக் மாட்டினேன். மெஷினை இரும்புக்குப் போட்டுட்டேன். அதனால நேத்து கையெழுத்துக் கிடைக்கலை. வகுப்பு மூணு வாரம் கழிச்சுத்தான். தப்பு என்னோடது.”

“சரியாக் கேட்கலை,” என்றேன். இன்னொரு முறை சொன்னார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவர் படி இறங்கிப் போனதும் டீச்சர் நோட்டைத் திறந்து என் பேரை அடித்தாள். பக்கத்தின் அடியில் திரும்ப எழுதினாள்.

“என்னம்மா இது? நான்தானே முதல்ல சேர்ந்தேன்?”

“இப்ப எட்டாவது, அக்கா,” என்றாள் தலையைத் தூக்காமல். “உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் கத்துக்கணும்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நாலு நாளும் திறக்காத வாய் இப்போது எதற்கு என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? மூடிக்கொண்டேன். அவள் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அங்கே இரண்டாவது வீட்டு வாசலில் கிராம் சார் மணியை அழுத்திவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.